தொட்டதும் விரியும் படம்

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் புடவைக் கடை நடத்தும் உறவினருக்கு இணையப்பக்கம் செய்து தருகிறேன். சின்னப் படத்தைத் தொட்டால் பெரிய படம் அங்கேயே திறக்க வேண்டும். ஜேகுவெரி (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) செருகுநிரல் ஒன்றைப் போட்டேன். படம் மெனுவுக்குப் பின்னால் போய்விடுகிறது, கைப்பேசியில் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. என்ன செய்வது?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: செருகுநிரலை எடுத்துவிடுங்கள். இணையப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியிலேயே இதற்கு 'டயலாக்' என்ற குறிச்சொல் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு, முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது.

படம் ஒளிந்துகொள்வது ஏன்? அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கு 'டிரான்ஸ்ஃபார்ம்' போன்ற பாணி இருந்தால், எது மேலே நிற்கும் என்று சொல்லும் இசட்-இன்டெக்ஸை 9999 ஆக்கினாலும் அது அந்தப் பெட்டிக்குள்தான் செல்லுபடியாகும். டயலாக்கை 'ஷோமோடல்' கட்டளையால் திறந்தால் உலாவியே அதை எல்லா அடுக்குக்கும் மேலே தூக்கி வைத்துவிடும். எஸ்கேப் விசையில் மூடும். மூடியதும் ஃபோகஸ் (விசைப்பலகை நிற்கும் இடம்) தொட்ட படத்துக்கே திரும்பும். வெறும் 'ஷோ' என்று எழுதினால் டயலாக் மேலடுக்குக்கும் போகாது, எஸ்கேப்பில் மூடவும் செய்யாது.

ஒவ்வொரு சின்னப் படத்தையும் பெரிய படத்துக்குப் போகும் இணைப்பாகவே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வாடிக்கையாளர் புடவையைப் பார்த்துவிடலாம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தின் அடியில் ஒரே ஒரு டயலாக், அதற்குள் ஒரு படம், ஒரு 'மூடு' பொத்தான். ஐம்பது புடவைக்கும் அது போதும். இணைப்பைத் தொட்டதும் அது வழக்கம்போல வேறு பக்கத்துக்குத் தாவுவதை நிறுத்தி, அதன் முகவரியை டயலாக் படத்தின் 'எஸ்ஆர்சி'யில் (படக்கோப்பின் முகவரி) போட்டு, 'ஆல்ட்' (படத்துக்கான சொல்) விளக்கத்தையும் மாற்றி, ஷோமோடலை அழையுங்கள்.

வெட்டுப்படுவதற்கு, படத்தின் உச்ச அகலம் 85 விடபிள்யூ (திரை அகலத்தில் 85 விழுக்காடு), உச்ச உயரம் 75 டிவிஎச் (அப்போது தெரியும் திரை உயரத்தில் 75 விழுக்காடு) என்று கொடுங்கள். விஎச் வேண்டாம். கைப்பேசியில் அது முகவரிப் பட்டை மறைந்த திரையை வைத்துக் கணக்கிடுவதால்தான் கீழ்ப்பகுதி காணாமல் போகிறது.

பலர் சிக்கும் இடம் ஒன்று: டயலாக்குக்கு நேரடியாக 'டிஸ்பிளே ஃபிளெக்ஸ்' (உள்ளிருப்பவற்றை அடுக்கும் பாணி) கொடுத்தால், மூடிய பிறகும் அது பக்கத்திலேயே நிற்கும். 'ஓப்பன்' பண்பு உள்ள (அதாவது திறந்திருக்கும்) டயலாக்குக்கு மட்டும் அதைக் கொடுங்கள். வெளியே தொட்டாலும் மூட வேண்டுமென்றால், தொடப்பட்டது உள்ளிருக்கும் படமோ பொத்தானோ இல்லாமல் டயலாக்தானா என்று பாருங்கள்; வெளியே தொடுவதையும் உலாவி டயலாக்கைத் தொட்டதாகவே சொல்லும். அதற்கு அதன் பேடிங் (உள்ளோர இடைவெளி) 0 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் விரல் பட்டாலே மூடிக்கொள்ளும். அடுத்த புடவையைத் திறக்கும்போது பழைய புடவை ஒரு கணம் தெரிந்தால், 'குளோஸ்' நிகழ்வில் எஸ்ஆர்சியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கேமராவில் எடுத்த 4000 பிக்சல் படத்தையே சின்னதாகக் காட்டினால் போதாதா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: கூடாது. கண்ணுக்குத்தான் சின்னதாகத் தெரியும்; முழுக்கோப்பும் இறங்கும். சின்னதை 400 பிக்சல் அகலத்திலும் பெரியதை 1600 பிக்சல் அகலத்திலும் தனித்தனியே வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். சின்னப் படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் எழுதிவிட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது.