பட்டன் தேயாத பழைய கார் டயர்களை என்ன செய்யலாம்?

கேள்வி: கார் வாங்கி 10 வருடம் ஆகிறது, அதிகம் ஓடவில்லை. டயரில் பட்டன் (தரையைத் தொடும் மேடு பள்ளம்) புதிது போலவே இருக்கிறது. ஆனாலும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் பழையதை விற்கலாமா, வேறு எதற்காவது ஆகுமா?

பூஜை அலமாரியிலிருந்து ஒரு சிட்டிகை விபூதியை எடுத்துக்கொண்டு காரிடம் போங்கள். கிண்டல் இல்லை. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் ஒரு எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி 4 எண்கள்தான் டயரின் ஜாதகம். கறுப்பின் மேல் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விபூதியைத் தேய்த்துவிட்டால் துலங்கிவிடும். 3814 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம், அதாவது செப்டம்பர் நடுவில் செய்தது. பல டயர்களில் முழு எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உள்பக்கமாகப் போயிருந்தால் பாயை விரித்துப் படுத்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். கார் வாங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டயரின் வயது வேறு.

3814 நான் கற்பனையாகச் சொன்ன எண் இல்லை. மதுரையில் அப்பாவிடம் இருக்கும் ஐ10-இன் டயர் எண். 2014 டிசம்பரில் எடுத்த வண்டி, 10 வருடத்தில் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி, மார்க்கெட், மாதம் ஒருதரம் அழகர்கோயில், அவ்வளவுதான். 2024-ல் நான் டயர் மாற்றும் பேச்சை எடுத்ததும் அப்பாவுக்குக் கோபம். “ஏண்டா, பட்டன் அப்படியே நிக்குது. கடைக்காரன் சொன்னான்னு காசக் கரியாக்குவியா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பார்கள். அந்த அளவைக் காட்டும் சின்ன மேடு பள்ளத்துக்குள்ளேயே இருக்கும். எங்கள் டயரில் அந்த மேட்டைத் தொடத் தேய்மானம் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. ஆனால் வீலைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து, பள்ளத்தை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துக் காட்டினேன். அடியில் கோடைக் கண்மாயில் கரம்பை வெடித்திருக்குமே, அதே மாதிரி மயிரிழை வெடிப்புகள். பக்கவாட்டிலும் வலை போல. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் வாளியை அழுத்துகிற மாதிரி இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பேசவில்லை.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது? ரப்பரில் ஒருவகை மெழுகும், ஓசோன் தின்னாமல் காக்கும் ரசாயனமும் கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போது இவை நன்றாக மேலே கசிந்துவந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். நிறுத்திவைத்த வண்டியில் இந்தக் கசிவு சரியாக நடக்காது. அதனால் ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடலாம். இது வெளியே தெரிகிற கேடு. தெரியாத கேடு இன்னொன்று உண்டு. நாம் அழுத்தி அடைத்த காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உள்ளிருந்தே ரப்பருக்குள் ஊடுருவி, எஃகுக் கம்பி அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் ரப்பரை வறட்டியாக்கிவிடும். ஒட்டு விட்டுப்போன டயர் ஊருக்குள் 30-ல் ஓட்டினால் ஒன்றும் சொல்லாது. நான்குவழிச் சாலையில், மே மாத மதியத்தில், 100-ல் போகும்போது மேல்பட்டை உரிந்துகொண்டு போகும்.

வெயில் இதில் பெரிய வில்லன். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் பேர்தான் டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற 5 சூடான மாநிலங்களில் இருந்தார்கள். டயர் தொடர்பான இழப்பீட்டு மனுக்களிலோ 77 சதவீதம் அங்கிருந்து வந்தவை, அவற்றில் 84 சதவீதம் 6 வயது தாண்டிய டயர்கள். மதுரை வெயிலுக்கு அரிசோனாவிடம் பாடம் கேட்கத் தேவையில்லை என்றாலும் கணக்கு கணக்குதான்.

குளிரூரிலும் தப்பிக்க முடியாது. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு இசை விழா முடிந்து திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து மரத்தில் மோதி 3 பேர் இறந்தார்கள். அந்த டயரின் வயது 19-க்கு மேல். பேருந்தைவிட டயர் மூத்தது! பட்டன் சட்டப்படி போதுமான அளவு இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பல வருடம் விடாமல் போராடியதன் பலனாக, 2021 பிப்ரவரி முதல் அங்கே லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 வயது தாண்டிய டயர் போடத் தடை.

ஆகவே என் கணக்கு இது. 5 வயதுக்குள் என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். அலாய் வீலுக்கு மாறுகிறவர்கள் கழற்றும் புது டயர் மாதிரி என்றால், தேதியைச் சொல்லித் தாராளமாக விற்கவும் செய்யலாம். 5 தாண்டினால் வருடம் ஒருமுறை கழற்றிக் காட்டுங்கள். 10 தொட்டால் பட்டனைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். மிஷ்லின் போன்ற டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன. பல கார் கம்பெனிகள் 6 வருடத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன. 10 என்பது கடைசி எல்லை; நம் வெயிலுக்கு 7-க்கு மேலேயே நான் நம்பமாட்டேன்.

ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். எங்கள் வீட்டில் பெரிய சண்டை அதில்தான். டிக்கியைத் திறந்து வெளியே எடுத்தால், தரையையே தொடாத டயர், அச்சில் வார்த்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. “இது பச்சப்புள்ளடா!” என்றார் அப்பா. பச்சப்பிள்ளைக்கும் எண் 3814-தான். 10 கோடை டிக்கிக்குள் வெந்த பிள்ளை. (ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸில் லனெல்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-ல் அங்கேதான் உபரி வீல் விற்க ஆரம்பித்தார்கள். தெருப்பெயர் மதுரை மெக்கானிக் வாய் வரைக்கும் உருண்டு வந்துவிட்டது.)

சரி, மாற்றியாயிற்று. பழையது 5 டயர் வாசலில். இனி நான் செய்த தப்பு. பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில் படம் பிடித்துப் போட்டேன், ஒன்று 800 ரூபாய். தேதியைப் போடவில்லை, யாரும் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கள்ளத்தனம். ஒரு மணி நேரத்தில் 4 போன். சாயங்காலம் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். வாழை இலைக் கட்டு ஏற்றுகிற, 13 இன்ச் வீல் உள்ள லோடு வண்டி. குனிந்து பட்டனைத் தடவிப் பார்த்தவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், எனக்கு அங்கேயே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

“அண்ணே, இது 10 வருஷப் பழசு. கார் டயர் வேற, ஒண்ணு 437 கிலோதான் தாங்கும். லோடுக்கு ஆகாது” என்றேன். பக்கவாட்டில் 79 என்று போட்டிருக்கும் சுமைக்குறியீட்டுக்கு அர்த்தம் அதுதான்.

அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் வண்டியின் பின் டயரைக் காட்டினார். சுத்த மொட்டை. ஒரு ஓரத்தில் நூல் தெரிந்தது. “பட்டன் இல்லாத டயர்ல தினமும் நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். பட்டன் இருக்குற டயர வச்சுக்கிட்டு நீங்க தரமாட்டேங்குறீங்க. இதுல எதுண்ணே மோசம்?”

பதில் சொல்ல முடியவில்லை. மழையில் அவருடைய மொட்டை மோசம், வெயிலில் லோடோடு என்னுடைய கிழடு மோசம். மொட்டையைப் பார்த்தால் போலீஸ்காரர் நிறுத்துவார், அவரும் பயந்து மெதுவாகப் போவார். என் டயரை மாட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது, அவருக்கே வராது. அதனால் தரவில்லை. “வேற எடத்துல வாங்கிக்கிறேன்” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். வாங்கியிருப்பார். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி இடங்களில் கறுப்பு பாலிஷ் அடித்து, சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டிய டயர்களெல்லாம் பளபளவென்று அடுக்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

டயர் கடையில் எக்ஸ்சேஞ்சாகப் போட்டாலும் இதே கதைதான். வழுக்கை டயர் என்றால் நேராக அரைக்கப் போய்விடும். நன்றாகத் தெரிகிற டயர் இன்னொரு வண்டியில் ஏறிவிடும். அதனால் கொடுப்பதற்கு முன் பக்கவாட்டில் அரை இன்ச் ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். கார் டயரின் பக்கவாட்டில் பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்தான் இருக்கும். எஃகுக் கம்பி பட்டனுக்கு அடியிலும் ரிம்மைக் கவ்வும் விளிம்பிலும் இருக்கும். சாதாரண டிரில்லே போதும். கத்தியால் அறுப்பதானால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு அறுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பக்கவாட்டு ஓட்டைக்குப் பஞ்சர் ஒட்டமாட்டார்கள். இரண்டு டயரை இப்படிக் கொண்டுபோனேன். கடைக்காரர், “ஏன் சார் நல்ல டயரக் கெடுத்தீங்க?” என்று அங்கலாய்த்து ஒன்றுக்கு 50 ரூபாய் கொடுத்தார். 2022-ல் வந்த விதிகளின்படி கழிவு டயரை மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளர், இறக்குமதியாளரின் பொறுப்பு. ஆகவே கடை வழியாகப் போவதுதான் முறை.

ரீபட்டன் (தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவது) போடலாமா என்றும் சிலர் கேட்பீர்கள். அது நாமக்கல் லாரிக்காரர்களின் வித்தை. லாரி டயரின் கூடு கனமானது, விலையும் அதிகம், இரண்டு மூன்று முறைகூட போட்டு ஓட்டுவார்கள். கார் டயருக்குக் கட்டுப்படியாகாது, கூடே வறண்டுபோனதற்கு அர்த்தமும் இல்லை.

இன்னும் இரண்டு எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வண்டிக்குப் போயின. பழைய இரும்புக்கடையில் ரிம், வெல்டிங் பட்டறையில் அச்சு. துருப்பிடித்த ரிம்மில் டியூப்லெஸ் காற்று நிற்காது, உள்ளே டியூப் போடச் சொல்லுங்கள். காலையில் 50 அடி தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சாயங்காலம் வரை நகராத வண்டி. 10 வயது டயருக்கு இதைவிட நல்ல ஓய்வு கிடையாது. கிராமத்தில் ஆள் இருந்தால் வைக்கோல் போர் மேல் தார்ப்பாய் பறக்காமல் இருக்க வாங்கிக்கொள்வார்கள். கடற்கரைப் பக்கம் என்றால் படகின் விலாவில் முட்டுக்குத் தொங்கவிடுவார்கள். டயர் செருப்பு ஆசை வேண்டாம். அது பழைய நைலான் டயர் காலத்துச் சமாசாரம், இந்தக் கம்பி டயரை அறுத்தால் கைதான் கிழியும்.

ஐந்தாவதான பச்சப்பிள்ளையைக் கேட் தூணில் அடித்தோம். அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது எப்போதும் அந்தத் தூணைத்தான் தேடிப் போவார்.

எதுவும் செய்யத் தோன்றாமல் மொட்டைமாடியில் மட்டும் போட்டுவைக்காதீர்கள். நிமிர்த்தி வைத்தாலும் டயரின் வளைவுக்குள் தண்ணீர் நிற்கும்; டெங்கு கொசுவுக்கு அதைவிட வசதியான பிரசவ அறை இல்லை. தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆசியப் புலிக்கொசு 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் கால் ஊன்றியதே பழைய டயர் இறக்குமதி வழியாகத்தான் என்கிறார்கள். போகியில் கொளுத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன.

புது டயர் வாங்கும்போதும் எண்ணைப் பாருங்கள். எங்களுக்குக் கடைக்காரர் இறக்கிவைத்த ஐந்தில் ஒன்று 2022 தயாரிப்பு. நான் கவனிக்கவில்லை, பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் குனிந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தவர், நான்காவதில் நின்றார். “தம்பி, இது வேணாம். இதுக்கு ரெண்டு வயசாச்சு, வேற குடு.”