டிஜே செய்யும்போது, பீட்டைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனைத் தொடாமல், காதை நம்பியே இரண்டு பாட்டின் பீட்டைச் சேர்ப்பது எப்படி?

ஓடும் பாட்டு ஸ்பீக்கரில், அடுத்தது ஹெட்போனில், ஒரு காதில் மட்டும். கிக் டிரம்மின் கனமான ‘டும்’ சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டு, நாலு பீட் சுற்றின் முதல் அடியில் புதியதை விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கிக் இரண்டாகப் பிளந்து கேட்கும். புதியது முந்துகிறதா, பிந்துகிறதா? பலரும் தடுமாறுவது இங்கேதான். யோசித்து நிற்காமல் ஜாக் வீலை, அதாவது டெக்கின் வட்டச் சக்கரத்தை, ஒரு பக்கம் லேசாகத் தள்ளுங்கள். பிளவு கூடினால் திசை தப்பு.

தள்ளினால் இடம்தான் சரியாகும், வேகம் ஆகாது. திரும்பத் திரும்ப முன்னால் தள்ள வேண்டியிருந்தால் பிட்ச் ஃபேடரில் வேகத்தைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 124 பீட்டுக்கும் 125 பீட்டுக்கும் வித்தியாசம் 0.8 சதவீதம்தான், ஆனால் ஒரே நிமிடத்தில் முழு பீட் விலகிவிடும்.

ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் சத்தம் சுமார் 30 மில்லிநொடி தாமதமாக வரும், காது ஏமாந்துவிடும். பக்கத்திலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வையுங்கள். பழக, ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் (பிளேயர்) போட்டு, வேகம் காட்டும் திரையை மூடிவிடுங்கள்.