நள்ளிரவில் விழும் சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முத்தியால்பேட்டையில் பழைய தமிழ் நூல்களை விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். சில ஆயிரம் நூல்களின் விவரங்கள் எங்கள் இணையதளத்தில் உள்ளன. ஆசிரியர், பதிப்பகம், பொருள், விலை, ஆண்டு என்று வடிகட்டித் தேடும் வசதியும் உண்டு. சில வாரங்களாக நள்ளிரவுக்கு மேல் தளம் திறப்பதே இல்லை. விடிந்த பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், டிராஃபிக் கூடிவிட்டது, பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்கிறார்கள். ஆர்டர்களோ கூடவில்லை. இது யாராவது வேண்டுமென்றே செய்யும் தாக்குதலா? விசாரணையை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். ஆர்டர் கூடாமல் டிராஃபிக் மட்டும் கூடியிருப்பதால், வந்தவர்கள் வாங்க வந்த மனிதர்கள் அல்லர் என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஆனாலும் தாக்குதல் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சர்வரின் அக்சஸ் லாகை, அதாவது தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டை, படித்துவிட வேண்டும். அதை இன்றே வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் ஓடும் சர்வர்களில், பக்கங்களை அனுப்பும் மென்பொருள்களான அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் இரண்டின் லாகுகளும் வழக்கமாக 14 நாட்களுக்கு மட்டுமே இருக்கும். அதன் பின் பழையவை தாமாகவே அழிந்துவிடும். நிறுவனங்கள் தங்கள் லாகுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டிருப்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்ளலாம்.

லாகைத் திறந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நம் நேரம் அதிகாலை 2.30 என்றால் லாகில் அது முந்தைய நாள் இரவு 9 மணியாக இருக்கும். இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், விபத்து நடந்த வேளையில் யாருமே வரவில்லை என்று முடிவுக்கு வருவோர் பலர். இன்னொன்று: தளம் தினமும் ஒரே நிமிடத்தில் விழுகிறதென்றால் கிராலரை (தளங்களைத் தானாகவே படித்துச் செல்லும் மென்பொருளை) சந்தேகிப்பதற்கு முன் உங்கள் சர்வரிலேயே அந்நேரத்துக்கு ஓடும் பேக்கப் வேலையைச் சந்தேகியுங்கள்.

நேரம் சரியாகிவிட்டால், தளம் விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்து வரிகளை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கேட்டவரின் ஐ.பி. முகவரி, நேரம், கேட்ட பக்கம், சர்வர் தந்த பதிலின் எண், அனுப்பிய பைட்டுகள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு, யூசர் ஏஜென்ட் எனப்படும் மென்பொருளின் பெயர் ஆகியவை இருக்கும். எல்லோரும் உடனே ஐ.பி. வாரியாக எண்ணத் தொடங்குவார்கள். நான் பக்கங்களின் வாரியாக எண்ணச் சொல்வேன். யார் வந்தார் என்பதைவிட என்ன கேட்டார் என்பதே சர்வர் விழுந்த காரணத்தைச் சொல்லும்; நூறு பேர் முகப்புப் பக்கத்தைக் கேட்டால் அசையாத சர்வர், பத்துப் பேர் கடினமான தேடல் பக்கத்தைக் கேட்டால் மூச்சுத் திணறிப்போகும்.

உங்கள் தளத்தின் சிக்கல் அந்த வடிகட்டும் வசதியில் இருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஐந்து வடிகட்டிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஆறு தேர்வுகள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், தேர்வு செய்யாமல் விடுவதையும் சேர்த்தால் ஏழு வழிகள். ஐந்து வடிகட்டிகளுக்கும் சேர்த்து 16,807 தனித்தனி முகவரிகள். வரிசைப்படுத்த நான்கு முறைகளும் தந்திருந்தால் அது 67,228 ஆகிவிடும். உண்மையில் ஆசிரியர்கள் ஆறு பேர் மட்டுமா இருப்பார்கள்? வாசகர் இவற்றில் இரண்டு மூன்றைத் தொடுவார். கிராலரோ கண்ணில் படும் ஒவ்வோர் இணைப்பையும் பின்தொடரும் மென்பொருள். அதற்கு உங்கள் கடை சில ஆயிரம் நூல்கள் கொண்டதன்று, முடிவே இல்லாதது. ஒவ்வொரு முகவரியும் புதிது என்பதால் முன்பே தயாரித்த பக்கத்தைச் சேமித்துவைத்துத் தரும் கேஷ் உதவாது. ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் முழுத் தேடலைச் செய்தாக வேண்டும்.

அதன் பிறகு நடப்பது வெறும் கணக்குதான். பல தளங்கள் எழுதப்பட்டிருக்கும் பி.எச்.பி. மொழியை இயக்கும் எஃப்.பி.எம். பகுதி, மாற்றாமல் விட்டால் ஐந்து வேலைகளை மட்டுமே ஒரே சமயத்தில் செய்யும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் 151 இணைப்புகளை ஏற்கும். ஐந்து இடங்களும் மெதுவான தேடல்களால் நிரம்பியிருக்கும்போது ஆறாவதாக வரும் உண்மையான வாசகர் காத்திருந்து காத்திருந்து, 502 அல்லது 504 என்ற பிழை எண்ணைத்தான் காண்பார். அந்த எல்லைகளை யாராவது தாராளமாக உயர்த்தி வைத்திருந்தால் ஆபத்து வேறு வடிவில் வரும்: நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் தானாகவே ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருக்கும் டேட்டாபேஸ்தான் பலியாகும். விடியும் வரை தளம் எழாமல் கிடக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகையைப் போலத் தெரிகிறது. லினக்ஸின் மையப்பகுதி எழுதும் கெர்னல் லாகில் நினைவகம் தீர்ந்ததற்கான வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அக்சஸ் லாகில் வரி எழுதப்படும். ஆகவே சர்வர் நடுவில் கொல்லப்பட்டால் அந்தக் கடைசிக் கோரிக்கைகள் லாகில் இருக்கவே மாட்டா. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இயல்பான லாக் அமைப்பில் பதிவாவதில்லை. அதைச் சேர்க்கும்படி உங்கள் டெவலப்பரிடம் சொல்லுங்கள். ஒரே வரி மாற்றம்தான்.

நிவாரணம், கிராலர்கள் எங்கே செல்லக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் வடிகட்டிய முகவரிகளைத் தடுப்பது, வடிகட்டிகளைச் சாதாரண இணைப்புகளாக வைக்காமல் படிவமாக மாற்றுவது, மூன்று வடிகட்டிகளுக்கு மேல் சேர்ந்தால் மறுப்பது, டேட்டாபேஸில் தேடலை விரைவாக்கும் உரிய இன்டெக்ஸ்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவற்றில் அடங்கும். பெரிய பிளானை வாங்கினால், சர்வர் விரைவாகப் பதில் தருவதைக் கண்டு சில கிராலர்கள் இன்னும் வேகமாகக் கேட்கத் தொடங்கும். கூகுளின் கிராலர் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளித் தளத்தின் லாகில் பாதிக்கு மேல் கூகுளின் கிராலரான கூகுள்பாட்டின் பெயரே இருக்கிறது. தடுத்தால் கூகுள் தேடலிலிருந்து பள்ளியே காணாமல் போய்விடும் என்று சக ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, செம்மண்டலம், கடலூர்

பதில்: அம்மா, யூசர் ஏஜென்ட் என்பது வருபவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது. யார் வேண்டுமானாலும் கூகுள்பாட் என்று எழுதிக்கொண்டு வரலாம். கூகுளை யாரும் தடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தே பலர் அப்படி வருகிறார்கள். சரிபார்க்க வழி இருக்கிறது. அந்த ஐ.பி. முகவரிக்கு ரிவர்ஸ் டி.என்.எஸ். (ஐ.பி.யிலிருந்து பெயரைக் கண்டறியும் தேடல்) பார்த்தால் கூகுள்பாட் டாட் காம் அல்லது கூகுள் டாட் காம் என்று முடியும் ஒரு பெயர் வர வேண்டும். அந்தப் பெயரை மறுபடி தேடினால் அதே ஐ.பி. திரும்பி வர வேண்டும். இரண்டாவது படியை விட்டுவிடக் கூடாது, தம் ஐ.பி.க்கு விரும்பிய பெயரை எழுதி வைப்பது எவருக்கும் இயலும், கூகுளின் பெயர்ப் பட்டியலில் தம் ஐ.பி.யைச் சேர்ப்பது இயலாது. கூகுள் தன் கிராலர்களின் ஐ.பி. வரம்புகளை வெளியிட்டும் வைத்திருக்கிறது.

சோதனையில் தோற்றவற்றைத் தயங்காமல் தடுக்கலாம். உண்மையானதே அதிகம் வருகிறதென்றால், நெருக்கடியான வேளையில் இப்போது இயலாது, பிறகு வா என்று பொருள்படும் 429 அல்லது 503 என்ற பதிலைத் தாருங்கள். அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓரிரு நாட்களுக்கு மேல் அதைத் தொடர்ந்தால்தான் பக்கங்கள் தேடலிலிருந்து உதிரத் தொடங்கும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் கிராலர்களை எல்லாம் பெயர் பெயராக ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டேன். ஒரு வாரமாகியும் டிராஃபிக் குறையவே இல்லை. கோப்பில் பிழையா, அல்லது அந்தக் கோப்புக்கே மதிப்பில்லையா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: இரண்டும் இருக்கலாம். 1994இல் மார்ட்டைன் காஸ்டர் முன்மொழிந்த ஏற்பாடு அது. கிராலர்களும் தளங்களும் மனமொத்து நடந்துகொள்வதற்கான வழக்கமாகவே நெடுங்காலம் இருந்து, 2022 செப்டம்பரில்தான் ஆர்.எஃப்.சி. 9309 என்ற எண்ணுடன் முறையான தரநிலையாக வந்தது. அது அனுமதியைக் கட்டாயப்படுத்தும் கருவியன்று என்று அந்த ஆவணமே சொல்கிறது. மதிக்கும் கிராலர் மதிக்கும்.

உங்கள் கோப்பில் நீங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெயர் குறிப்பிட்டு ஒரு கிராலருக்குத் தனிப்பகுதி எழுதியிருந்தால் அது அந்தப் பகுதியை மட்டுமே படிக்கும். எல்லோருக்கும் பொதுவாக நட்சத்திரக் குறியின் கீழ் எழுதிய தடைகள் அதற்குப் பொருந்தா. துணை டொமைன் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். இத்தனை நொடிக்கு ஒருமுறை வா என்று கூறும் கிரால்-டிலே வரி தரநிலையில் இல்லை. கூகுள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மேலும், கோப்பு கிடைக்காமல் சர்வர் பிழை வந்தால் முழுத் தளமும் தடுக்கப்பட்டதாகக் கிராலர் கொள்ள வேண்டும். கோப்பே இல்லை என்ற 404 வந்தாலோ எல்லாம் திறந்திருப்பதாகக் கொள்ளலாம். மாற்றிய கோப்பு ஒரு நாளுக்குள் கவனிக்கப்பட்டுவிடும் என்பதே தரநிலையின் எதிர்பார்ப்பு. ஆகவே ஒரு வாரம் என்பது போதுமான காத்திருப்பு.

கோப்பு சரியாக இருந்தும் குறையவில்லையென்றால் மிச்சமிருப்பவை பெயர் சொல்லாமல் வருபவை. பழைய குரோம் பதிப்பின் பெயரைச் சூடிக்கொண்டு, வீட்டு இணைப்புகளின் ஐ.பி.க்களை வாடகைக்கு எடுத்து, ஒரு முகவரியிலிருந்து ஒன்றிரண்டு கோரிக்கைகளோடு நிறுத்திக்கொள்ளும் கிராலர்களை ஐ.பி. வாரியான எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. உங்களுக்கு மட்டும் நேர்ந்ததாக எண்ண வேண்டாம். ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத்தளம், ஒரே கிராலர் 2024 மே மாதத்தில் 73 டெராபைட் இறக்கியதாகவும், தரவுப் போக்குவரத்துக்கு மட்டும் 5,000 டாலருக்கு மேல் செலவானதாகவும் அறிவித்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்ன கணக்கு இன்னும் கூர்மையானது: பக்கப் பார்வைகளில் பாட்களின் (கிராலர் போன்ற தானியங்கி மென்பொருள்களின்) பங்கு ஏறத்தாழ 35 விழுக்காடுதான், ஆனால் மிகுந்த செலவு வைக்கும் டிராஃபிக்கில் 65 விழுக்காடு அவற்றுடையது. மனிதர்கள் ஒரே பிரபலமான பக்கங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க, பாட்கள் யாரும் தொடாத மூலைப் பக்கங்களையும் கேட்பதால் கேஷைத் தாண்டி மைய சர்வருக்கே வேலை போகிறது.

கேள்வி: கடலூர் மாவட்டச் செய்திகளை வெளியிடும் சிறு தளம் எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளி விடுமுறை அறிவிப்பு வரும் காலைகளில் தளம் படுத்துவிடுகிறது. கிராலர்கள்தான் காரணம் என்கிறார் எங்கள் டெக்னீஷியன். நம்பலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: எனக்கு ஐயமாகவே இருக்கிறது. விடுமுறை உண்டா என்று அறியத் துடிக்கும் பெற்றோர் கூட்டமே ஒரு சிறு சர்வரைச் சாய்க்கப் போதும். லாகைப் பார்த்தால் பிரித்துவிடலாம்: மனிதர் கூட்டம் என்றால் ஓரிரு செய்திப் பக்கங்களே ஆயிரக்கணக்கில் கேட்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் கைப்பேசி உலாவிகள் இருக்கும், பக்கத்தோடு படங்களும் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். கோப்புகளும் இறக்கப்பட்டிருக்கும். கிராலர் என்றால் ஆயிரக்கணக்கான வெவ்வேறு பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் கேட்கப்பட்டிருக்கும். பக்கத்தின் எழுத்தை எடுத்துக்கொண்டு படங்களைத் தொடாமல் போயிருக்கும் (படங்களையும் எடுக்கும் கிராலர்கள் உண்டு என்பதால் இதை ஒன்றையே சான்றாகக் கொள்ள வேண்டாம்).

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐ.பி.வி4 முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் வருகின்றன என்று உங்கள் டெக்னீஷியன் தடுத்தால், நெல்லிக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் உள்ள வாசகர்கள் ஒருசேர வெளியே நிற்பார்கள். விடுமுறைப் பக்கத்தை ஒரு நிமிடத்துக்குக் கேஷ் செய்யுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் டேட்டாபேஸைத் தொட்டால் போதும் என்றாகிவிடும். கூட்டம் எத்தகையது என்ற கேள்வியே அதன் பிறகு அவ்வளவு முக்கியமன்று.

கேள்வி: இந்தியா தவிர மற்ற நாடுகளின் ஐ.பி.க்களை மொத்தமாகத் தடுத்துவிடலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். புதுச்சேரிக் குடும்பங்களில் எத்தனை பேர் பிரான்சில் இருக்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடுக்கப்படுபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அமேசானின் மும்பை, ஐதராபாத் டேட்டா சென்டர்களிலிருந்து ஓடும் கிராலர் இந்திய முகவரியோடு உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: கோரிக்கைகளை முதலில் தான் வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் கிளவுட்ஃபிளேர் சேவையைத் தளத்துக்கு முன்னால் நிறுத்திய பிறகு, லாகில் ஒரு சில ஐ.பி.க்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைத் தடுக்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தடுத்தால் உங்கள் தளம் எல்லோருக்கும் மூடிவிடும், அவை கிளவுட்ஃபிளேரின் சொந்த முகவரிகள். வருபவரின் உண்மையான ஐ.பி.யை அது ஒரு ஹெடரில் (கோரிக்கையோடு சேர்ந்து வரும் குறிப்பில்) எழுதி அனுப்புகிறது. அப்பாச்சியில் ரிமோட் ஐ.பி. மாட்யூலையும், எஞ்சின்எக்ஸில் ரியல் ஐ.பி. மாட்யூலையும் அமைத்தால் லாகில் அந்த முகவரி பதிவாகும். கிளவுட்ஃபிளேர் வெளியிட்டுள்ள ஐ.பி. வரம்புகளிலிருந்து வரும் கோரிக்கைகளில் மட்டுமே அந்த ஹெடரை நம்பும்படி அமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சர்வரின் முகவரியை அறிந்த எவரும் நேரடியாக வந்து, விரும்பிய ஐ.பி.யை அந்த ஹெடரில் எழுதிக்கொள்ளலாம்.