பழைய சமையலறைத் தகர டப்பாக்களைச் சேகரிப்பது உருப்படியான பொழுதுபோக்குதானா? எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ "குப்பையைச் சேர்க்கிறாய்" என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதே பேச்சை நானும் கேட்டவள். உருப்படியானதுதான், தாராளமாகத் தொடங்குங்கள்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். எங்களில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பார்கள்'. வீடு ஒன்றுதான், அடுப்பு தனி, சாமான் தனி. அதனால் ஒரே மாதிரி டப்பா ஒரே வீட்டில் மூன்று நான்கு பேரிடம் இருக்கும். பித்தளை, எவர்சில்வர் என்றால் பெயர் வெட்டிவிடலாம். தகரம் தாங்காது, பொத்துக்கொள்ளும். ஆகையால் மூடியின் உட்பக்கம் ஆணியால் லேசாகக் கீறி வைப்பார்கள். அப்பத்தாவின் டால்டா டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது, மரம் போட்ட மஞ்சள் டப்பா. மூடியைத் திருப்பினால் அப்பத்தாவின் எழுத்து, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, அதற்குக் கீழே என் அம்மாவின் எழுத்து. அம்மாவை வேறு வைத்தபோது கை மாறிய டப்பா அது. சீப்புச் சீடை போட்டு வைத்தது என்று அம்மா சொல்வார்.

அந்த டப்பா கிட்டத்தட்டப் போயே விட்டது. வீட்டை ஒழிக்கிறேன் என்று ஒரு பங்காளி, யாரையும் கேட்காமல் பரணில் இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார். கேள்விப்பட்டதும் பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். "ஆச்சி, இது வெறும் தகரம், எடைக்கே நிக்காதே" என்றார் கடைக்காரர். டால்டா டப்பா கிடைத்தது. ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டப்பா அதற்குள் கை மாறிவிட்டது. ஏதோ ஓட்டலில் அலங்காரத்துக்கு வைப்பார்கள், இல்லையென்றால் அடியில் துளை போட்டு விளக்கு மாட்டுவார்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை. வியாபாரிகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் எடுத்து வைக்காவிட்டால் பாதி உருக்கத்தான் போயிருக்கும்.

அதே பங்காளியிடம் வீட்டுக் கூடமான பட்டாலை ஒழுகுகிறது, ஓடு மாற்றப் பங்குப் பணம் கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. பதிலே இல்லை. மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க மட்டும் போட்டோக்காரரோடு வந்து முகப்பில் நின்றார்கள். ஒழுகும் இடத்துக்கு அண்டா வைத்துக்கொண்டிருப்பது நாங்கள். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

டப்பாவின் வயதை அதன் மேலிருக்கும் எழுத்தே ஓரளவு சொல்லிவிடும். நம் ஊர்த் தயாரிப்பில் எடை பவுண்ட், அவுன்ஸ் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1960களின் தொடக்கத்துக்கு முந்தியது. விலையில் நயா பைசா இருந்தால் 1957-க்குப் பிந்தியது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு அப்புறம் வந்தது. டால்டா வந்ததே 1937-ல்தான், அதனால் "நூறு வருஷத்து டால்டா டப்பா" என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரும்பு, மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு, அவ்வளவுதான். பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும், படமும் உரிந்துபோகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தின்பண்டம் எதுவும் போட்டு வைக்காதீர்கள். பழைய டப்பாக்களின் பற்றவைப்பில் காரீயம் இருக்கும். அப்பத்தா காலத்தில் வைத்தார்களே என்பீர்கள். அப்போது அவர்களுக்கு அது தெரியாது.

முதல் டப்பாவைக் கடையில் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். பெரியவர்கள் இருந்தால் எதில் என்ன வைத்தார்கள், யார் கொண்டுவந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். அப்புறம் பழைய சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகலாம். எந்த ஊர் வீட்டுச் சாமான் என்று கேளுங்கள், தெரிந்தால் சொல்வார்கள். பணம் கொடுப்பதற்கு முன் மூடியை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். வேறு டப்பாவின் மூடியை மாட்டி விற்பதும் உண்டு.