‘அம்மாயை’ என்று எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கேள்வி: வார இறுதியில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ‘தம்பியை’ என்று சரியாக எழுதுகிறவர்களே ‘அம்மாயை’, ‘பசுயை’ என்றும் எழுதுகிறார்கள். எங்கே ய், எங்கே வ் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அட்டவணையில் பாதியை வாயே சொல்லிவிடும்.

பிள்ளைகளை ‘இ’ என்று இழுக்கச் சொல்லுங்கள். நிறுத்தாமல் அப்படியே ‘அ’வுக்குப் போகட்டும். நடுவில் ஒரு ய் தானாகக் கேட்கும். ‘உ’வில் தொடங்கினால் வ் கேட்கும். இ சொல்ல நாக்கு எங்கே நிற்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் ய்யும் பிறக்கிறது. அண்ணத்தைச் சற்றுக் கூடுதலாக நெருங்கிவிட்டு உடனே நகர்ந்துவிடும். வ்வுக்கு அந்த வேலையை உதடு பார்க்கிறது. க், ட் போல இவற்றில் காற்று எங்கும் அடைபடுவதில்லை. ஆனால் உயிரைப் போலத் தனியே ஓர் அசையாகவும் நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் மொழியியலில் இவற்றை அரை உயிர் என்கிறோம். (பள்ளியில் படித்த இடையினம் வேறு. அது வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் இடைப்பட்டது. ர, ல, ழ, ள எல்லாம் அதில் வரும்.)

நம் இலக்கணக்காரர்களும் இந்த நெருக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். அகரத்தோடு இகரம் சேர்ந்தாலும் யகரம் சேர்ந்தாலும் ஐ போல ஒலிக்கும், உகரமோ வகரமோ சேர்ந்தால் ஔ போல ஒலிக்கும் என்கிறது நன்னூல். ஐயா–அய்யா, ஔவை–அவ்வை என்று இருவிதமாகவும் எழுத முடிவது இதனால்தான். இப்படி இரண்டு உயிர்களை ஒட்ட நடுவில் வரும் மெய்யை உடம்படுமெய் என்பார்கள். அதற்கு அதே நூல் தரும் விதியும் சின்னதுதான்: முதல் சொல் இ, ஈ, ஐயில் முடிந்தால் ய், ஏயில் முடிந்தால் இரண்டில் ஒன்று, மற்ற உயிர்களுக்கெல்லாம் வ்.

அந்த ‘மற்ற’வில்தான் உங்கள் பிள்ளைகள் இடறுகிறார்கள். ஆ சொல்லும்போது நாக்கும் மேலே போவதில்லை, உதடும் குவிவதில்லை. அதனால் ய்யா வ்வா என்று வாய் எந்தத் துப்பும் தராது. ஒவ்வொரு மொழியும் தன் வழக்கப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளும். தமிழ் வ்வை எடுத்தது: அம்மாவை, நிலாவை. பக்கத்திலேயே மலையாளம் ய்யை எடுத்து ‘அம்மயெ’ என்கிறது. ஆக, ‘அம்மாயை’ என்று எழுதுகிற பிள்ளையின் காதில் கோளாறு இல்லை. இந்த ஒன்றை மட்டும் பழக்கத்தால் பதிய வையுங்கள்: கேமராவை, ஐடியாவை, கனடாவை.

உகரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘பசு’ பசுவை ஆகும், ‘காசு’ காசை ஆகும். இரண்டும் ‘சு’வில்தான் முடிகின்றன. தனிக் குறிலை அடுத்து வரும் உகரம் முழுசாக ஒலிப்பதால் வ் வாங்கிக்கொள்ளும்: தெருவை, குருவை, மெனுவை. காசு, கதவு போன்றவற்றில் உகரம் தேய்ந்து காணாமலே போய்விடும். அது, இது, எது மூன்றும் விலக்கு. ‘அதை’ என்று பிள்ளைகள் ஏற்கெனவே சரியாகத்தான் சொல்வார்கள், விளக்கப் போய்க் குழப்ப வேண்டாம்.

பயிற்சிக்குப் பழைய செய்யுள் தொடர்களைவிட ஆங்கிலச் சொற்களே மேல். டீயை, வைஃபையை, ஆட்டோவை, எம்எல்ஏவை என்று யாரும் சொல்லித்தராமலே ஊரே சரியாகப் பேசுகிறது.

அப்புறம், எழுத்தில் எவ்வளவு தூரம் சேர்ப்பது? வேற்றுமை உருபு வந்தால் கட்டாயம். ‘ஏஐ-ஐ’ என்று சிலர் எழுதுவதை என்னால் படிக்கவே முடிவதில்லை, ‘ஏஐயை’ என்றே எழுதலாம். தனித்தனிச் சொற்களை ஒட்ட வேண்டியதில்லை. ‘இணையவிதழ்’ தப்பில்லைதான், ஆனால் ‘இணைய இதழ்’ கண்ணுக்கு எளிது. ‘கோவில்’ விதிப்படி வருவது, ‘கோயில்’ வழக்கில் நிலைத்தது. இரண்டுக்குமே மதிப்பெண் போடுங்கள்.