தண்ணீரைப் பார்த்த அறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகள் ஸ்வீடனின் உப்சாலாவில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். ஜூன் மாதக் கடைசியில் அவளைப் பார்க்கச் செல்லும் நானும் என் கணவரும், முதலில் ஸ்டாக்ஹோமில் நீர்க்கரையை ஒட்டிய ஹோட்டல் ஒன்றில் சில நாள் தங்க விரும்புகிறோம். ஒரே ஹோட்டலில் தண்ணீரைப் பார்த்த அறைக்கும் உள்முற்றத்தைப் பார்த்த அறைக்கும் வாடகையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கூடுதல் பணம் கொடுப்பது தகுமா? நாங்கள் சைவம், அங்கே காலை உணவு எங்களுக்கு ஒத்துவருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஜூன் என்பதால் தயங்காமல் கொடுங்கள், டிசம்பர் என்று எழுதியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஸ்டாக்ஹோமில் ஜூன் கடைசியில் சூரியன் அதிகாலை சுமார் 3.30 மணிக்கு உதித்து, இரவு 10 மணிக்குப் பிறகுதான் மறைகிறது. அதன் பின்னரும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. டிசம்பரிலோ பிற்பகல் 3 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால், ஊர் சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே விளக்குகளைத் தவிர அதிகம் தெரியாது.

மேலாரன் ஏரி பால்டிக் கடலில் கலக்கும் இடத்தில், 14 தீவுகளில் பரவிய நகரம் அது. ஏரியின் மட்டம் கடலைவிடச் சற்று உயரம் என்பதால், அரண்மனைக்கு அருகிலுள்ள பாலங்களின் அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. தலைநகரின் நட்ட நடுவில் ஆட்கள் தூண்டிலோடு நிற்பதைப் பார்க்கலாம். அரண்மனைக்கு நேர் எதிர்க்கரையில் இருப்பதுதான் 1874-இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஹோட்டல். 1901 முதல் 1929 வரை ஸ்டாக்ஹோமின் நோபல் விருந்துகள் அங்கேதான் நடந்தன. நம் சர் சி.வி. ராமன் பரிசு பெற்ற 1930-இல் விருந்து நகர மன்றக் கட்டடத்துக்கு இடம் மாறியது. பரிசு வாங்க வருகிறவர்களைத் தங்க வைப்பது மட்டும் இன்றும் அந்த ஹோட்டலில்தான். அதன் வாடகையும் அந்தப் பெருமைக்கு ஏற்றபடியே இருக்கும் என்பதால், அதில்தான் தங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே கரையிலும் சுற்றுப்புறத் தீவுகளிலும் அடக்கமான வாடகையில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன.

ஆனால் 'நீர்க்கரை ஹோட்டல்' என்ற சொல்லை மட்டும் நம்பி முன்பதிவு செய்துவிடாதீர்கள். கட்டடம் கரையில் இருப்பது வேறு, உங்கள் ஜன்னல் தண்ணீரைப் பார்த்திருப்பது வேறு. பல இடங்களில் கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே வாகனங்கள் ஓயாத சாலை ஒன்று போகும். கீழ்த்தளத்து அறை கிடைத்தால் பேருந்துகளின் கூரைதான் காட்சி என்பதால், மேல்தளம் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பழைய நகரத்தின் கிழக்குக் கரையில், ஷெப்ஸ்ப்ரூன் போன்ற இடத்தில் அறை எடுத்தால், ஜன்னல் கிழக்கைப் பார்த்திருக்கும் என்பதால் அதிகாலையிலேயே வெயில் முகத்தில் அடிக்கும். படுக்கப் போகும்முன் தடித்த இருட்டுத் திரையை ஓரம் வரை இழுத்துவிடுங்கள். மெல்லிய வலைத்திரை மட்டும் போதாது.

அறைகள் பொதுவாகச் சிறியவை. இருவர் படுக்கும் கட்டிலில் ஒரே பெரிய போர்வைக்குப் பதிலாக ஆளுக்கொரு மெத்தைப் போர்வை மடித்து வைத்திருப்பார்கள். ஊர் வழக்கமே அதுதான். குளியலறையில் வாளியும் குவளையும் இருக்காது. சில இடங்களில் ஷவருக்குத் தடுப்புகூட இல்லாமல் தரை முழுவதும் நனையும். மூலையில் சாய்த்து வைத்திருக்கும் ரப்பர் பட்டைத் துடைப்பானால் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளிவிட வேண்டியது குளித்தவர் பொறுப்பு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீருக்குச் செலவழிப்பது வீண்.

காலை உணவு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கியிருக்கும் என்றாலும், முன்பதிவின்போது அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களுக்கு அங்கே ஆகாரத்துக்குக் குறைவிருக்காது: ஓட்ஸ் கஞ்சி, கம்புரொட்டிபோல் மொறுமொறுவென்றிருக்கும் ரை என்ற தானியத்தில் செய்த தட்டை ரொட்டி, லிங்கன்பெர்ரி என்ற சிறு பழத்தின் ஜாம், பழங்கள், வெள்ளரி, தக்காளி எல்லாம் வைத்திருப்பார்கள். ஜாடியில் இருக்கும் 'ஃபில்மியோல்க்' என்பது ஊற்றும் பதத்திலுள்ள தயிர். கொஞ்சம் உப்புப் போட்டால் நம் நாக்குக்கு இதமாக இருக்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை இரண்டு. முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் பற்பசைபோல் நீலக் குழலில் இருப்பது காட் மீனின் முட்டையை அரைத்த விழுது. பாலாடைக்கட்டிகளில் சில, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கப்பட்டவை. கடுமையான சைவம் என்றால் பரிமாறுகிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

கேள்வி: மாணவனான எனக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. அதே தண்ணீருக்கு அருகில் மலிவாகத் தங்க வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. ஷெப்ஸ்ஹோல்மன் தீவின் கரையில் 'ஆஃப் சாப்மன்' என்ற வெள்ளைப் பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1888-இல் கட்டிய அந்தக் கப்பல் 1949 முதல் இளைஞர் விடுதியாக இயங்கிவருகிறது. அரண்மனையைப் பார்க்கும் காட்சியில் அது எந்த ஹோட்டலுக்கும் சளைத்ததில்லை. விடுதிக்குக் கரையிலும் ஒரு கட்டடம் உண்டு என்பதால், கப்பலுக்குள்ளேயே படுக்கை வேண்டும் என்று குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். அடுக்குக் கட்டில், குறுகலான அறை, வட்ட ஜன்னல் என்று இருக்கும் என்பதால், பெரிய பெட்டியைத் தவிர்த்துவிட்டு முதுகுப்பையோடு போங்கள். ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள்; அங்கே ஏறக்குறைய எல்லா இடத்திலும் அட்டைதான் செல்லும்.