குழந்தையிடம் கேள்வி கேட்கும் கார்ட்டூன்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. மழலையருக்கான 'இன்டராக்டிவ்' கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறேன். இலவசமாகக் காட்டிய எபிசோடில் அந்தப் பொம்மை, "பாலம் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிற்கிறது. மகளும் கத்திப் பதில் சொல்கிறாள். ஆனால் அவள் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும், சும்மா இருந்தாலும்கூட அது "சபாஷ்!" என்றுதான் சொல்கிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: டிவிக்குக் காது கிடையாது, உண்மைதான். ஆனாலும் அந்த நிறுத்தத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கேள்வி கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிட்டால் குழந்தை வேடிக்கை மட்டும் பார்க்கும். சில வினாடி காத்திருந்தால் யோசிக்கும், விரல் நீட்டும், வாய்விட்டுச் சொல்லும். நீங்கள் பணம் கொடுப்பதே அந்தச் சில வினாடிகளுக்குத்தான்.

அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் 1996இல் தொடங்கிய 'புளூஸ் குளூஸ்' இதை முறையாகச் செய்துகாட்டிய தொடர். ஏஞ்சலா சான்டொமெரோ, டாட் கெஸ்லர், ட்ரேசி பைஜ் ஜான்சன் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. நீல நிற நாய்க்குட்டி மூன்று தடயங்களை விட்டுவிட்டுப் போகும். தொகுப்பாளர் கேமராவை நேராகப் பார்த்துக் குழந்தைகளிடம் உதவி கேட்பார், பிறகு காத்திருப்பார். ஒவ்வொரு எபிசோடையும் ஒளிபரப்புவதற்கு முன்பே மழலையரிடம் பல கட்டங்களில் காட்டி, அவர்களுக்கு எங்கே புரியவில்லை, எங்கே கவனம் சிதறுகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். 2000இல் வந்த 'டோரா தி எக்ஸ்ப்ளோரர்' அதே பாணிதான். டோரா, புஜ்ஜி என்று நம் குழந்தைகளும் வீட்டில் கத்தியது அந்த நிறுத்தத்தால்தான்.

இந்த யோசனை இன்னும் பழையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1953 முதல் 1957 வரை சிபிஎஸ் சேனலில் 'விங்கி டிங்க் அண்ட் யூ' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. டிவி திரைமேல் ஒட்டிக்கொள்ளும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளையும் கிரேயான்களையும் ஒரு செட்டாக 50 சென்ட்டுக்கு விற்றார்கள். விங்கி ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் குழந்தை திரையில் பாலம் வரைய வேண்டும். செட் வாங்காத வீட்டுக் குழந்தைகள் டிவி கண்ணாடி மேலேயே வரைந்தார்கள்! நிகழ்ச்சி இலவசம், முழுதாக ரசிக்க வேண்டுமானால் பொருளை வாங்கு என்ற வியாபாரம் அப்போதே தொடங்கிவிட்டது. இன்றைக்கு எந்தத் தொடரைப் பார்த்தாலும் "இதோடு சேர்த்து வேறு என்ன வாங்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, சந்தாவுக்கு வருவோம். விளம்பரத்தில் 'இன்டராக்டிவ்' என்று போட்டிருப்பதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மகளோடு உட்கார்ந்து ஒரு எபிசோடை முழுதாகப் பாருங்கள். கேட்டபின் எவ்வளவு நேரம் நிற்கிறது? பெரியவர்களுக்கு "ஏன் இவ்வளவு நேரம்?" என்று தோன்றுகிற அளவுக்கு நின்றால்தான் மூன்று வயதுக் குழந்தைக்குப் போதும். அடுத்து, கேள்வி எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். "எல்லாரும் கிளம்பலாமா?" என்பதற்குக் கத்தினால் போதும், யோசிக்க ஒன்றும் இல்லை. "இந்த மூன்றில் எந்த ஏணி அந்த ஜன்னல் வரைக்கும் எட்டும்?" என்றால் அளந்து பார்த்தாக வேண்டும். நல்ல தொடரில் குழந்தை கண்டுபிடித்த விடையால்தான் கதை அடுத்த இடத்துக்கு நகரும். மட்டமான தொடரில் கதை ஒரு பக்கம் ஓடும், நடுநடுவே சம்பந்தமில்லாமல் "இது என்ன நிறம்?" என்று ஒரு கேள்வி வந்து போகும்.

தப்பான பதிலுக்கும் சபாஷ் கிடைக்கிறதே என்றீர்கள். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். "எங்கே, மறுபடியும் பாரு" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 24 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் புதுச் சொற்கள் கற்பித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. எதிரே இருந்தவர் கற்பித்தபோதும், வீடியோ அழைப்பில் நேரடியாகப் பேசிக் கற்பித்தபோதும் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவைக் காட்டியபோது கற்கவில்லை. தன் செயலுக்கு எதிரே இருப்பவர் பதில் தருகிறாரா என்பது அந்த வயதில் அவ்வளவு பெரிய விஷயம். மூன்றரை வயதில் பாசாங்கு நிறுத்தமும் நன்றாகவே பலன் தரும். பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் கூடுதலாகத் தரும்.

ஆண்டுச் சந்தா வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இலவச முன்னோட்டம் என்று சொல்லி கார்டு விவரம் கேட்டால், முன்னோட்டம் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மகள் அதைத் தேடுகிறாளா, அதில் பார்த்ததை விளையாட்டில் கொண்டுவருகிறாளா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: நூறு எபிசோட் கொண்ட தொகுப்பை வாங்கினோம். பையன் ஒரே எபிசோடைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். மற்றதெல்லாம் வீணா? அவனுக்கு ஏதாவது பிரச்சினையா?

பதில்: பிரச்சினை ஒன்றும் இல்லை. புளூஸ் குளூஸை ஒளிபரப்பியவர்களே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒரே எபிசோடைத்தான் போட்டார்கள். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. டேனியல் ஆண்டர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை பார்த்த குழந்தைகளைவிட ஐந்து முறை பார்த்தவர்கள் கதையை நன்றாகப் புரிந்துகொண்டதும், திரையோடு சேர்ந்து அதிகமாகப் பதில் சொன்னதும் தெரியவந்தது. முதல் தடவை கதையைப் பிடித்துக்கொள்வதிலேயே கவனம் போய்விடுகிறது. அடுத்தடுத்த தடவைகளில் பதில் முன்பே தெரிகிறது, அதை முந்திக்கொண்டு சொல்வதில் ஒரு சந்தோஷம். உங்கள் பையனுக்குக் கிடைப்பது அந்தச் சந்தோஷம்தான், அதைக் கெடுக்காதீர்கள்.

வாங்குபவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு எண்ணிக்கை தேவையில்லை. 'நூறு எபிசோட்', 'ஆயிரம் வீடியோ' என்ற பெருமையெல்லாம் பெற்றோரை மயக்கத்தான். தனித்தனி எபிசோடாக விற்கும் இடத்தில் நான்கைந்து நல்லதைத் தேர்ந்து வாங்குங்கள், மாதக்கணக்கில் ஓடும்.

கேள்வி: ஒரு தளத்தில் முழு சீசனையும் பணம் கட்டி 'வாங்கி'யிருந்தேன். சந்தா கிடையாது, ஒரேயடியாக வாங்கியது. இப்போது போய்ப் பார்த்தால் காணோம். உரிமம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை என்பதுதான் என் எண்ணம். 'வாங்கு' என்று பட்டனில் எழுதிவிட்டு, விதிமுறைக்குள் "பார்க்கும் அனுமதி மட்டுமே" என்று ஒளித்து வைப்பது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கிற வேலை. ஆனால் பெரும்பாலான தளங்களின் விதிமுறை அப்படித்தான் இருக்கிறது. தொடரின் உரிமையாளருக்கும் தளத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் படம் போய்விடும்.

ரிமோட்டால் தேர்வு செய்து கதையை நகர்த்தும் வகைத் தொடர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நெட்பிளிக்ஸ் 2017இல் 'புஸ் இன் புக்' என்ற குழந்தைகள் படத்தோடு இந்த வகையைத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அந்த வகையில் இருந்தவற்றில் ஒரு சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. இப்படிப்பட்ட படம் ஓட அந்தத் தளத்தின் மென்பொருள் வேண்டும். தளம் கைவிட்டால் வேறெங்கும் ஓடாது. பேசிவிட்டுக் காத்திருக்கும் சாதாரணக் கார்ட்டூனுக்கு அந்தத் தொல்லை கிடையாது, எந்தப் பெட்டியிலும் ஓடும்.

உங்கள் விஷயத்தில், பணம் கட்டிய ரசீது, வாங்கிய தேதி, 'வாங்கு' என்று இருந்த பக்கத்தின் படம், இப்போது காணவில்லை என்று வரும் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சாட்டில் பேசிக்கொண்டிருக்காமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி நேரடியாகக் கேளுங்கள், பதில் தர ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். பல தளங்கள் வெளியே சொல்லாமலே திருப்பித் தருகின்றன. இல்லாவிட்டால் கூப்பனாவது தருவார்கள். மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியிடமும், உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்பிடமும் போகலாம்.

பிடித்த தொடர் கையில் நிற்க வேண்டும் என்றால் டிவிடிதான் இன்னும் நம்பகமானது. வாங்குமுன் அட்டையின் பின்பக்கம் மண்டல எண்ணைப் பாருங்கள். உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பிளேயரின் எண்ணும் வட்டின் எண்ணும் பொருந்தாவிட்டால் ஓடாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் ஆசையாக வாங்கி வந்தது இப்படித்தான் பெட்டியோடு கிடக்கும்.

கேள்வி: பேரனுக்குப் பத்து மாதம். 'மூளை வளர்ச்சிக்கான இன்டராக்டிவ் கார்ட்டூன்' என்று ஒரு செட் விற்கிறார்கள். பரிசாகக் கொடுக்க ஆசை. வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி ஒரு வயதுக்குள் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரைகூட நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது.

மூளை வளரும் என்று சொல்லி விற்ற கதைக்குப் பெரிய உதாரணம் 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோக்கள். கல்விப் பயன் உண்டு என்று காட்டி விற்கிறார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு 2006இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2009இல், அப்போது அதன் உரிமையாளராக இருந்த டிஸ்னி நிறுவனம், டிவிடி ஒன்றுக்கு 15.99 டாலர் வீதம் ஒரு வீட்டுக்கு நான்கு டிவிடி வரை பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு, அவன் "ங்கா" என்றதும் நீங்களும் "ங்கா" என்றால் எந்தத் தொடரும் தர முடியாதது அவனுக்குக் கிடைக்கும். அந்தக் காசுக்குக் கெட்டி அட்டைப் படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். கடித்தாலும் கிழியாது.

கேள்வி: மகன் பார்க்கும் தொடருக்கு ஒரு ஆப் இருக்கிறது. அதில் அவனே தட்டித் தட்டி ஏதோ வாங்கிவிட்டான், என் கார்டில் பணம் போயிருக்கிறது. பேசும் பொம்மையும் கேட்டு அடம்பிடிக்கிறான். என்ன செய்வது?

பதில்: பணத்தை முதலில் கேளுங்கள். ஆப் ஸ்டோரின் வாங்கிய பட்டியலில் 'ரீஃபண்ட்' கோரும் வழி இருக்கும். "பெற்றோர் அனுமதியில்லாமல் சிறுவன் வாங்கியது" என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுவது முக்கியம், நாள் கடந்தால் கஷ்டம். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி வாங்கிய பணத்துக்காக 2014இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. அதனால் கேட்கத் தயங்காதீர்கள். அப்புறம், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி போனில் மாற்றிவிடுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மகன் பார்க்கும்படி அழுத்தாதீர்கள்.

பேசும் பொம்மை இணையத்தோடு சேர்வதா என்று கடையிலேயே கேளுங்கள். சேர்வது என்றால் குழந்தையின் பெயர், பிறந்த நாள், குரல் எல்லாம் எங்கோ ஒரு கணினிக்குப் போகும். குழந்தைகளுக்கான மின்னணுப் பொம்மை செய்யும் விடெக் நிறுவனத்தின் தகவல் கிடங்கில் 2015இல் திருட்டு நடந்து லட்சக்கணக்கான குழந்தைகளின் விவரம் வெளியே போனது. இணையம் இல்லாத பொம்மை போதும். இணையத்தோடு சேர்வதையே வாங்கி, கணக்கு தொடங்கச் சொன்னால் உண்மையான பிறந்த தேதியைக் கொடுக்காதீர்கள்.

தொடரின் பெயர் ஒட்டியிருப்பது தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. 2007 ஆகஸ்டில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம், பெயின்ட்டில் ஈயம் அதிகமாக இருந்ததால் டோரா, எல்மோ உள்ளிட்ட கதாபாத்திரப் பொம்மைகளை அமெரிக்காவில் மட்டும் சுமார் 9,67,000 திரும்பப் பெற்றது. வாங்குமுன் பொம்மையின் மாடல் எண்ணோடு 'ரீகால்' என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே வட்டமான பட்டன் பேட்டரி இருந்து, அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், பொம்மையின் அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.